தீர்க்கதரிசனமும் நாவலும்: டிம் லாஹேயின் வாழ்வும் எழுத்தும்

வருவதை முன்னறிய விழையும் வேட்கை மனிதனோடு உடன்பிறந்தது. மழை எப்போது வரும், பிள்ளைக்கு எப்போது மணம் கூடும் என்னும் சிறு வினாக்கள் முதல், இவ்வுலகம் எங்ஙனம் முடியும் என்னும் பெருவினா வரை அவ்வேட்கை பரந்து கிடக்கின்றது. மலையகத் தோட்டங்களில் கோயில் திருவிழாக் காலத்தில் சாமியாடி சொல்லும் குறியைக் கேட்கக் கூடுவோரும், உலக முடிவு பற்றிய பிரசங்கத்தைக் கேட்கத் தேவாலயத்திற் கூடுவோரும் பெரும்பாலும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்வோரே. கேட்கும் குரல் வேறாயினும் கேட்கும் நெஞ்சம் ஒன்றே.

இவ்வேட்கையை நாவலாக்கிக் கோடிக்கணக்கான வாசகரை ஈர்த்தவர் அமெரிக்கப் போதகர் டிம் லாஹே. ‘லெப்ட் பிகைண்ட்’ என்னும் அவரது நாவல் தொடர் ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. ‘விட்டுச் செல்லப்பட்டோர்’ என அப்பெயரைத் தமிழிற் சொல்லலாம். விவிலியத்தின் தீர்க்கதரிசனப் பகுதிகளைப் பரபரப்புக் கதையாக எழுதும் முறை அவருக்கு முன்னரும் இருந்தது. ஆயினும் அதனைப் பெருவணிக இலக்கியமாக வளர்த்தவர் அவரே. அவருடைய வாழ்வையும், அவர் கையாண்ட கோட்பாட்டின் வரலாற்றையும், அந்நாவல்களின் நிறைகுறைகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கோட்பாட்டின் ஒரு கிளை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் மண்ணை வந்தடைந்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

இளமையும் கல்வியும்

டிமோத்தி பிரான்சிஸ் லாஹே 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்து டிட்ராயிட் நகரிற் பிறந்தார். தந்தையார் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். மகனுக்குப் பத்து வயது நிறையுமுன்னரே அவர் மாரடைப்பால் இறந்தார். அடக்கச் சடங்கில் குருவானவர் உயிர்த்தெழுதலைப் பற்றியும், இறந்தவரை மீண்டும் காணும் நாளைப் பற்றியும் பேசினார். அச்சொற்கள் துயரில் நின்ற சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பிற்காலத்தில் லாஹே தம் நம்பிக்கையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சியையே பலகாலும் நினைவுகூர்ந்தார். பிரிந்தவர் மீண்டும் கூடுவர் என்னும் எதிர்பார்ப்பே அவருடைய எழுத்து முழுவதற்கும் வித்தாயிற்று எனல் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பதினெட்டாம் வயதில், அவர் அமெரிக்க விமானப்படையிற் சேர்ந்து ஐரோப்பாவில் குண்டுவீச்சு விமானமொன்றில் இயந்திரத் துப்பாக்கி இயக்குபவராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று 1950ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்குச் சந்தித்த பெவர்லியை 1947இல் மணந்தார். சிற்றூர்ச் சபையொன்றிலும், பின்னர் மினியாபோலிஸ் நகரிலும் போதகராக இருந்த லாஹே, 1956இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகருக்குச் சென்றார். அங்கே ஸ்கொட் மெமோரியல் பப்டிஸ்ட் சபையில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார்.

போதகரும் பொதுவாழ்வும்

நாவலாசிரியர் என்னும் புகழ் லாஹேயை வந்தடைந்தபோது அவர் எழுபது வயதை நெருங்கியிருந்தார். அதற்கு முன் அவர் அறிவுரை நூல்களின் ஆசிரியராகவும், நிறுவனங்களைக் கட்டியெழுப்புவதில் வல்லவராகவும் அறியப்பட்டார். மனிதரின் நால்வகை மனவியல்புகளைச் சமய நோக்கில் விளக்கும் அவரது நூல் 1966இல் வெளிவந்தது. மனைவியாருடன் இணைந்து இல்லற வாழ்வு பற்றி 1976இல் எழுதிய நூலும் பெரிதும் விற்பனையாயிற்று. 1970இல் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் கொள்கையை மறுக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாவதிலும் பங்குகொண்டார்.

1979இல் ஜெரி பால்வெல் என்னும் போதகர் அமைத்த ‘மாரல் மெஜோரிட்டி’ இயக்கத்தின் ஆட்சிக் குழுவில் லாஹேயும் இடம்பெற்றார். அதே ஆண்டில் பெவர்லி அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்களுக்கெனத் தனி இயக்கம் கண்டார். இவையெல்லாம் அமெரிக்க அரசியலில் பழைமைவாதச் சமயக் கட்சியாரின் செல்வாக்கை உயர்த்தின. 1988ஆம் ஆண்டுத் தலைவர் தேர்தலுக்கு முன் ஜாக் கெம்ப் என்பவரின் பிரசாரக் குழுவில் லாஹே பொறுப்பேற்றார். ஆனால் கத்தோலிக்க சமயத்தைப் பழித்து அவர் முன்பு எழுதியவை வெளிவரவே, சில நாட்களிலேயே விலக நேர்ந்தது. நாவலாசிரியராவதற்கு முன்னரே அவர் உலகை நம்மவர், மாற்றார் என இரு கூறாகப் பிரித்துக் காணும் பழக்கமுடையவராயிருந்தார் என்பதற்கு இது சான்றாகும். நாவல்களின் இயல்பை விளங்கிக்கொள்ள இச்செய்தி துணைசெய்யும்.

கோட்பாட்டின் பிறப்பு

லாஹேயின் நாவல்களுக்கு அடிப்படையான கோட்பாடு, கிறிஸ்தவ சமயத்தார் அனைவரும் ஏற்ற ஒன்றன்று. கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நம்பிக்கை. எனினும் அவ்வருகைக்கு முன் உண்மை விசுவாசிகள் யாவரும் ஒரு கணத்தில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்பதும், எஞ்சியோர் ஏழாண்டு உபத்திரவ காலத்தில் அந்திக்கிறிஸ்துவின் கொடுங்கோலுக்கு ஆட்படுவர் என்பதும், அதன்பின்னரே கிறிஸ்து தோன்றி ஆயிரம் ஆண்டு அரசாள்வார் என்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வடிவில் ஒழுங்குபட்டன.

இவ்வொழுங்கை வகுத்தவருள் தலையாயவர் ஜோன் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்துத் திருச்சபையிற் குருவாயிருந்து பின் விலகிய இவர், ‘பிளிமத் சகோதரர்’ எனப்படும் குழுவின் தலைவருள் ஒருவரானார். தானியேலின் ஆகமத்திலும், தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலும், வெளிப்படுத்தின விசேஷத்திலும் சிதறிக் கிடந்த பகுதிகளை ஒரே கால அட்டவணையாகத் தொகுத்துக் காட்டியது அவருடைய செயல். 1909இல் ஸ்கோபீல்ட் என்பவர் அவ்விளக்கத்தை விவிலியத்தின் அடிக்குறிப்புகளாகவே அச்சிட்டு வெளியிட்டார். மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் நின்றமையால், உரையையும் மூலமெனவே கொள்ளும் நிலை வாசகரிடையே தோன்றிற்று. 1948இல் இசுரேல் நாடு உருவானதும், 1967இல் எருசலேம் முழுவதும் அதன் கைக்குள் வந்ததும் இவ்விளக்கத்துக்குப் புதுவலுவூட்டின. 1970இல் ஹால் லிண்ட்சே வெளியிட்ட ‘லேட் கிரேட் பிளானட் எர்த்’ என்னும் நூல், நாளிதழ்ச் செய்திகளைத் தீர்க்கதரிசனத்தோடு பொருத்திக் காட்டிப் பெரும் புகழ் பெற்றது.

புனைகதைத் துறையிலும் முன்னோடிகள் இருந்தனர். கன்ரபரிப் பேராயரின் மகனாகப் பிறந்து 1903இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய ரொபர்ட் ஹியூ பென்சன், 1907இல் ‘லோர்ட் ஒவ் த வேர்ல்ட்’ என்னும் நாவலை எழுதினார். அந்திக்கிறிஸ்துவை அருவருக்கத்தக்க அரக்கனாக அன்றி, உலக சமாதானத்தைக் கொணரும் கவர்ச்சிமிக்க தலைவனாகப் படைத்தமை அந்நூலின் சிறப்பு. சிட்னி வொட்சன் என்பவர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், விசுவாசிகள் திடீரென மறையும் கதைகளை எழுதினார். ஆக, லாஹே புதிதாக நட்டது எதுவுமில்லை; முன்னோர் நட்ட செடியைப் பெருந்தோட்டமாக்கியமையே அவர் செய்தது.

நாவல் தொடரின் தோற்றம்

தாம் விமானப் பயணம் செய்தபோது கண்ட காட்சியே கதைக்கு வித்தாயிற்று என லாஹே கூறியுள்ளார். மணமோதிரம் அணிந்திருந்த விமானி, பணிப்பெண் ஒருத்தியுடன் சரசமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் விசுவாசிகள் அனைவரும் எடுத்துக்கொள்ளப்பட்டால், இம்மனிதர் வீடு திரும்பும்போது மனைவியைக் காண்பாரா என்னும் எண்ணம் லாஹேக்கு எழுந்தது. கதைக்கரு கிடைத்தபோதிலும், அதனை நாவலாக எழுதும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆகவே ஜெரி ஜென்கின்ஸ் என்னும் தொழின்முறை எழுத்தாளர் துணைக்கு வந்தார். 1949இல் மிச்சிகனிற் பிறந்த ஜென்கின்ஸ், விளையாட்டு வீரர் பலரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் பழகியவர். லாஹே தீர்க்கதரிசன நிகழ்ச்சிகளின் வரிசையை வகுத்துக் கொடுத்தார். ஜென்கின்ஸ் பாத்திரங்களையும் உரையாடலையும் படைத்து நாவல்களை எழுதினார். பெயர் இருவருக்கும் உரியதாயினும் நடை ஜென்கின்சினுடையதே.

முதல் நாவல் 1995இல் டின்டேல் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. சிக்காகோவிலிருந்து இலண்டனுக்குப் பறக்கும் விமானத்தில் நள்ளிரவில் பயணிகள் பலர் மறைந்துவிடுகின்றனர். இருக்கைகளில் அவர்தம் உடைகள் மட்டுமே கிடக்கின்றன. விமானி ரேபோர்ட் ஸ்டீல் வீடு திரும்பும்போது, சமய நம்பிக்கையில் உறுதியாய் நின்ற மனைவியும் இளைய மகனும் மறைந்துவிட்டமையைக் காண்கின்றார். ஐயுறவுடைய மகள் குளோயியும் அவரும் மட்டுமே எஞ்சுகின்றனர். அதே வேளையில் உருமேனிய நாட்டவனான நிக்கோலாய் கார்பாத்தியா ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைக்கு உயர்கின்றான். அவனே அந்திக்கிறிஸ்து என்பதை, ஸ்டீலும் பத்திரிகையாளர் பக் வில்லியம்சும் மெல்ல உணர்ந்து, மனந்திரும்பிய சிலரோடு சேர்ந்து அவனை எதிர்த்து நிற்கின்றனர்.

ஒரே நூலாக எண்ணப்பட்ட கதை பன்னிரண்டு நூல்களாக விரிந்தது. 2004இல் பன்னிரண்டாம் நூல் கிறிஸ்துவின் வருகையோடு நிறைவெய்தியபின், முற்கதை மூன்றும் பிற்கதை ஒன்றும் சேர்ந்து 2007இல் தொகை பதினாறாயிற்று. சிறுவர்க்கென நாற்பது சிறு நூல்கள் தனியே வெளிவந்தன. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் விற்பனை பன்மடங்காயிற்று. அவ்வாண்டில் வெளிவந்த ஒன்பதாம் நூல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நாவல் என்னும் இடத்தைப் பெற்றது. அச்சம் மிகுந்த காலத்தில் இத்தகைய நூல்கள் விலைபோகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2000இலும் 2014இலும் முதற்கதை திரைப்படமாயிற்று. லாஹே 2016ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி, தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

தமிழ் மண்ணில் இக்கோட்பாடு

இக்கோட்பாடு அமெரிக்க நாவல்களோடுதான் கீழ்த்திசைக்கு வந்தது எனக் கருதுதல் பிழையாகும். டார்பியின் சமகாலத்தவரும் சகோதரர் குழுவின் முன்னோடியுமான அந்தோனி நொரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் போதகர் இரேனியசிடம் பயின்றிருந்த ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) குரோவ்சின் வழியைப் பின்பற்றினார். மேனாட்டுச் சங்கங்களின் ஊதியத்தை நம்பாது, கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்துச் சுற்றுப்புற ஊர்களிற் பணியாற்றினார். 1860இல் அப்பகுதியில் எழுந்த சமய எழுச்சியின்போது, மக்கள் ஆவி வந்தவராய்த் தீர்க்கதரிசனம் உரைத்ததாகக் குறிப்புகள் உள்ளன.

அவ்வெழுச்சி அடுத்த பத்தாண்டுகளில் திருவிதாங்கூருக்கும் பரவிற்று. அங்கே பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்னும் பெயருடன் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு என்னும் குருவானவர் இருந்தார். இவர் இசைப் புலமை மிக்கவர். வித்துவான்குட்டி எனப் போற்றப்பட்டவர். இவருடைய மலையாள கீர்த்தனங்கள் இன்றும் சபைகளிற் பாடப்படுகின்றன. கிறிஸ்துவின் மீள்வருகை 1881இல் நிகழும் என்னும் அறிவிப்பை ஏற்று இவர் தனிச் சபை கண்டார். குறித்த ஆண்டு வந்தது; குறித்த நிகழ்ச்சி நிகழவில்லை. சபை மெலிந்தது. ஆனால் கீர்த்தனங்கள் அழியவில்லை. காலக்கணிப்புப் பொய்த்தபின்னும் பாட்டு நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாறு நாள் குறித்து ஏமாந்தோர் ஒரு சமயத்தார் மட்டுமல்லர். 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதியை எதிர்நோக்கி, அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் பல்லாயிரவர் காத்திருந்தனர். 1962ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகரராசியிற் கூடியபோது, பாரதநாடெங்கும் இந்துக்கள் பேரழிவை அஞ்சி வேள்விகள் நடத்தினர். இரண்டிடத்தும் மறுநாட் கதிரவன் வழக்கம்போலவே எழுந்தான்.

எனினும் நாள் குறித்தல் வேறு, கொடுமைக்கு முடிவுண்டு என உரைத்தல் வேறு. கலியுக முடிவில் கல்கி தோன்றுவார் எனப் புராணங்கள் கூறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சாமித்தோப்பிலே ஐயா வைகுண்டரின் வழிவந்தோர் போற்றிய ‘அகிலத்திரட்டு அம்மானை’, கலியின் கொடுமை நீங்கித் தர்மயுகம் மலரும் என்னும் எதிர்பார்ப்பைப் பாடுகின்றது. சாதிக் கொடுமையால் நொந்த மக்களுக்கு அது வெறும் கால அட்டவணையாக இருக்கவில்லை. தலை நிமிர்ந்து நிற்கும் துணிவாகவே இருந்தது. தீர்க்கதரிசனம் என்பதன் மெய்ப்பொருளை அறிய இவ்வேறுபாடு இன்றியமையாதது.

நாவல்களின் நிறையும் குறையும்

லாஹேயின் வெற்றிக்குக் காரணம் கோட்பாட்டின் வன்மை மட்டுமன்று. எல்லார்க்கும் தெரிந்த ஓர் அச்சத்தை அவர் தொட்டார். வீடு திரும்பும் ஒருவர், தம் வீட்டார் அங்கு இல்லாமையைக் காணும் அச்சமே அது. விமானி ஸ்டீல் மனைவியின் உடைகளைக் கண்டு கலங்கும் பகுதி, சமயக் கருத்தை ஏற்காதவரையும் அசைக்க வல்லது. பத்து வயதுக்குள் தந்தையை இழந்த சிறுவனின் துயரம் அப்பகுதியில் ஒலிப்பதாகக் கொள்வதற்கு இடமுண்டு.

முடிவு முன்னரே தெரிந்த கதையை வாசகர் ஏன் விரும்பினர் என்னும் வினா எழலாம். மலையகத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. தோட்டங்களில் ஆண்டுதோறும் ஆடப்படும் காமன் கூத்தில் காமன் எரிக்கப்படுவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ஊரார் விழித்திருந்து காண்கின்றனர். என்ன நிகழும் என்பதற்காக அன்று, அது எவ்வாறு நிகழும் என்பதற்காகவும், இரதியோடு சேர்ந்து அழுவதற்காகவுமே காண்கின்றனர். லாஹேயின் வாசகரும் அட்டவணையை அறிந்தவரே. தாம் அறிந்த பாத்திரங்களுள் யார் பிழைப்பார், யார் மாள்வார் என்பதே அவர்தம் ஆவல்.

ஆனால் இவ்வொப்புமை குறையையும் காட்டுகின்றது. காமன் கூத்தில் எரித்தல் ஒரு கணம். இரதியின் புலம்பலோ நெடிது. இழப்பின் பின் எழும் அழுகைக்கே கூத்து தன் பெரும்பகுதியை ஒதுக்குகின்றது. லாஹேயின் தொடரோ முதல் நூலிற் கண்ட துயரத்தை விரைவில் விட்டுவிடுகின்றது. பின்வரும் நூல்களில் நிலநடுக்கத்தாலும் நோயாலும் போராலும் மனிதர் கோடிக்கணக்கில் மடிகின்றனர். ஆனால் அவர்களுக்காக அழுவோர் இலர். ஒவ்வோர் அழிவும், அட்டவணையில் அடுத்த அடையாளம் நிறைவேறிற்று என்பதற்குச் சான்றாக மட்டுமே நிற்கின்றது. மாண்டவர் மனிதராகத் தோன்றாது கணக்காகத் தோன்றும் இடத்தில் இலக்கியம் தன் தொழிலை மறந்துவிடுகின்றது.

இரண்டாவது குறை, மாற்றாரைக் காணும் முறை. உலக சமாதானம் பேசுவோரும், சமயங்களிடையே இணக்கம் நாடுவோரும் இந்நாவல்களில் பெரும்பாலும் ஏமாற்றுவோராகவோ ஏமாந்தோராகவோ வருகின்றனர். யூதர் தம் சமயத்தில் நின்றவாறே மதிக்கப்படுவதில்லை. மனம் மாறுவோராகவோ மாள்வோராகவோதான் அவர்கள் கதையில் இடம்பெறுகின்றனர். பென்சனின் நாவலிலும் உலகத் தலைவன் ஒருவன் வருகின்றான்; எனினும் அவனாற் கவரப்பட்ட மக்களின் நல்லெண்ணத்தைப் பென்சன் பரிவோடு சித்திரித்தார். அப்பரிவு லாஹேயின் தொடரில் அரிது.

மூன்றாவது, விவிலிய விளக்கம் பற்றியது. வெளிப்படுத்தின விசேஷம் முதலாம் நூற்றாண்டில், உரோமப் பேரரசின் கீழிருந்த ஆசியா மைனரின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. துன்புறும் மக்களுக்குப் பேரரசு நிலையாது என்னும் தைரியத்தைக் குறியீடுகளால் ஊட்டுவதே அதன் நோக்கம் எனக் கிறிஸ்தவ அறிஞர் பலர் கொள்வர். கத்தோலிக்கத் திருச்சபையும், லூதரன், அங்கிலிக்கன் சபைகளைச் சார்ந்த அறிஞர் பெரும்பாலாரும் டார்பியின் அட்டவணையை ஏற்பதில்லை. லூதரன் அறிஞரான பார்பரா ரொசிங் 2004இல் இந்நாவல்களின் கோட்பாட்டை மறுத்துத் தனி நூலே எழுதினார். ஆகவே லாஹேயின் நூல்களைக் கிறிஸ்தவத்தின் ஒரே குரலாகக் கொண்டு அச்சமயத்தை மதிப்பிடுவது நீதியாகாது. பிற சமயத்து மாணவர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும்.

விட்டுச் செல்லப்பட்டோர் யார்?

எபிரேயத் தீர்க்கதரிசிகள் வருவதை மட்டும் உரைத்தவரல்லர். ஆமோஸ், ஏழைகளைச் சிறு விலைக்கு விற்ற செல்வரைக் கண்டித்தார். எரேமியா, நாடு அழிவதைக் கூறியபின் அவ்வழிவுக்காக அழுதார். நிகழ்காலத்து அநீதியைச் சுட்டுவதும், துன்புறுவோரோடு அழுவதும் தீர்க்கதரிசியின் முதற்கடன். நாளைக் குறிப்பது அன்று. இவ்வளவுகோலால் நோக்கின், தீர்க்கதரிசன நாவல் எனப் பெயர் பெற்றவற்றினும், அப்பெயர் பெறாத நாவல் சில அதற்கு நெருங்கியவை எனலாம்.

மலையகத் தமிழர்க்கு ‘விட்டுச் செல்லப்பட்டோர்’ என்னும் சொற்றொடர் கற்பனையன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ள முனைந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி 1974 வரை தீர்க்கப்படவில்லை. ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிகளில் ஒரே குடும்பத்தவருட் சிலர் ஏறினர். சிலர் மேடையிலேயே நின்றனர். அவ்வண்டியை ஒப்பாரிக் கோச்சி என வழங்கிய பெயரே அந்நாளின் துயரத்தை உரைக்கும். காலையில் பிரட்டுக்குச் சென்றவர், அடுத்த காம்பரா பூட்டிக் கிடக்கக் கண்டனர். அம்மக்களை வானம் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு அரசுகளின் கையெழுத்தே பிரித்தது.

இவ்வாழ்வை எழுதியவருள் ஒருவர் பதுளை மாவட்டத் தோட்டமொன்றிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப் (1934–2022). ஆசிரியராய்ப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் அவர். 1974இல் வெளிவந்த அவரது நாவலின் பெயர் ‘காலங்கள் சாவதில்லை’ என்பது. உலக முடிவை எழுதிய லாஹேயின் நூல்களுக்கு எதிர்முனையில் நிற்கும் பெயர் அது. அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒற்றைக் காம்பராவில் அடைபட்ட குடும்பத்தின் மானப் போராட்டத்தைக் காட்டுகின்றது. அங்கே அந்திக்கிறிஸ்து இல்லை, ஏழாண்டு அட்டவணை இல்லை. மனிதனுக்கு மனிதன் இழைக்கும் அநீதி உண்டு. அதனைக் கண்டு வருந்தும் நெஞ்சமும் உண்டு. ஆமோசின் வழி இதுவே.

லாஹேயின் நூல்களைத் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. அவை ஒரு காலத்தின் அச்சத்தையும், ஒரு சமூகத்தின் எதிர்பார்ப்பையும் அறிய உதவும் ஆவணங்கள். ஆயினும் அவற்றைக் கற்கும் மாணவர் மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்வது நன்று. மூலம் கூறுவது எது, உரையாசிரியர் சேர்த்தது எது? அழியும் மக்களுக்காக நூலில் யாரேனும் அழுகின்றனரா? நூலைப் படித்து மூடியபின் அயலார்மீது ஐயம் வளர்கின்றதா, அன்பு வளர்கின்றதா? எச்சமயத்தின் முன்னறிவிப்பையும் இவ்வினாக்களால் எடைபோடலாம். பஞ்சாங்கமும் இதற்கு விலக்கன்று.

பிரிந்த தந்தையை மீண்டும் காணலாம் என்னும் நம்பிக்கையோடு கல்லறையருகே நின்ற சிறுவனிடம் யாரும் குறை காணார். அந்நம்பிக்கை எல்லார்க்கும் உரியதாக விரியுமாயின் அது சமயமாகும். தம்மவர்க்கு மட்டும் உரியதாகச் சுருங்கி, ஏனையோரின் அழிவைக் காணக் காத்திருக்குமாயின், எத்தனை கோடிப் பிரதிகள் விற்பினும் அது தீர்க்கதரிசனம் ஆகாது.